சொல்தா பெரியப்பாவும் பதஞ்சலி சாஸ்திரியும்

போன பதிவின் கடைசியில், அடுத்து ஏலக்காய்த் தோட்டங்கள் அன்றும் இன்றும் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். இந்த மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவம், நாற்பது வருடப் பழைய கோப்பு ஒன்றை என் மனசில் திறந்து வைத்துவிட்டது. அதைச் சொல்லி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நடுவில் அரசியல் சட்டம், சுப்ரீம் கோர்ட் என்றெல்லாம் வரும். பயப்பட வேண்டாம். நான் வக்கீல் இல்லை, வெறும் கிளார்க். எனக்குப் புரிந்த மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். சைகோனில் வேலை பார்த்துவிட்டு வந்து, மாதா மாதம் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பட்டாளத்துக் கதை சொல்வார். ராத்திரிக் காவல் கதைதான் எங்களுக்குப் பிடித்தது. இருட்டில் காலடிச் சத்தம் கேட்டால் காவல்காரன் துப்பாக்கியை நிமிர்த்தி, "கி வா லா?" என்று குரல் கொடுக்க வேண்டும். "யார் போகிறது?" என்று அர்த்தம். அதற்கும் முந்தின காலத்தில் "கி வீவ்?" என்று கேட்பார்களாம். 'கி' என்றால் யார். 'வீவ்' என்றால் வாழ்க. "யார் வாழ்க?" என்று கேட்டால், வருகிறவன் "பிரான்சு வாழ்க" என்றோ "ராஜா வாழ்க" என்றோ சொல்ல வேண்டும். நீ எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான் கேள்வி.

பெரியப்பா கதையை முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "தூங்குற காவல்காரன் துரோகி. கேக்காம சுடுறவன் கொலைகாரன். முதல்ல கேக்கணும்டா."

எனக்குப் பதினாறு வயதில் அப்பா தவறிப் போனார். அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு பிறந்த ஊரான சிலமலைக்கு, மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கடல் பார்த்து வளர்ந்தவனுக்குத் திடீரென்று நாலு பக்கமும் மலை. என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு போடி சந்தையில் ஒரு தேங்காய்கூட வாங்க முடியாது. தமிழில் எழுதப் படிக்க மாமாவிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன். தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, இளநிலை உதவியாளராக அரசு வேலைக்கு வந்தேன். அப்போது தேனி மாவட்டம் கிடையாது. அது 1996-இல்தான் பிரிந்தது. நாங்களெல்லாம் மதுரை மாவட்டம்.

இனி அந்தக் கோப்பு. 1983 என்று நினைவு. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். என் இருக்கைக்குச் சில்லறை மண்ணெண்ணெய் உரிமங்கள் வரும். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஒருவர் உரிமம் வைத்திருந்தார். சின்னக் கடை. எண்ணெய் ஒதுக்கீடு வரும் நாட்களில் மட்டும் திறப்பார். மற்ற நாட்களில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஏலக்காட்டு வேலைக்கு மலை ஏறிவிடுவார்கள். பழம் எடுக்கும் பருவத்தில் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அவர்மேல் ஒரு மொட்டை மனு வந்தது. எண்ணெயைப் பதுக்கி விற்கிறார் என்று. யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். அதே உரிமத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவர்.

"விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, ஏழு நாளில் ரத்து வரைவு வை" என்று மேலிடத்தில் சொன்னார்கள். நோட்டீஸ் போனது. கடை பூட்டியிருந்தது. கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள். 'ஒட்டுச் சார்வு' என்போம். ஏழு நாள் ஆனது. நான் வரைவில் எழுதின வாக்கியம் இன்றும் மனப்பாடம்: "போதிய வாய்ப்பளிக்கப்பட்டும் உரிமதாரர் விளக்கம் ஏதும் அளிக்க முன்வரவில்லை." அவர் மலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சிலமலையிலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப் நிறைய ஆட்கள் போடிமெட்டுக்கு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐப்பசியில் பூட்டிய கதவு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் எழுதினேன். எல்லா வரைவிலும் எழுதுகிற வாக்கியம்தானே என்று எழுதினேன். கையெழுத்தாகி உரிமம் ரத்தானது.

அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மனைவியின் கம்மலை அடகு வைத்துச் சென்னை ஹைகோர்ட்டில் ரிட் போட்டுவிட்டார். அப்போது மதுரைக் கிளை கிடையாது. அது 2004 ஜூலையில்தான் வந்தது. எந்த ரிட்டுக்கும் சென்னைதான். பதில் மனு தயாரிக்கக் கோப்போடு என்னை அனுப்பினார்கள். போடியிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் மதுரை, அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ். மடியில் கோப்பு. தூக்கம் இல்லை.

சென்னையில் அரசுத் தரப்புக்காக அந்தக் கோப்பைப் பார்த்தவர் ஓர் இளம் வக்கீல். எதிர்த் தரப்பு எந்தத் தீர்ப்பையெல்லாம் காட்டுவார்கள் என்று ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதோ, சென்னை மாகாணம் எதிர் வி.ஜி. ராவ், 1952. பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பு. இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க" என்று ஆங்கிலத்தில் வாசித்தார். நடுவில் ஒரு வார்த்தையில் தடுக்கி, "சென்டினல் ஆன் தி... குய் வைவ்... இது என்ன லத்தீனா?" என்றார்.

"கி வீவ் சார். பிரெஞ்சு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போடிப் பக்கத்துக் கிளார்க்குக்குப் பிரெஞ்சா? பெரியப்பா கதையைச் சொன்னேன். விழிப்போடு நிற்கும் காவல்காரன், ராத்திரியில் யாரங்கே என்று கேட்கிறவன். குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கு அப்படிப்பட்ட காவல் வேலையை அரசியல் சட்டம் கோர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறது என்றுதான் சாஸ்திரி அந்த இடத்தில் சொல்லியிருந்தார். என் பிரெஞ்சு தமிழ்நாடு அரசுக்குப் பயன்பட்டது அந்த ஒரே நாள்தான். வக்கீல் சிரித்துவிட்டு, கோப்பைத் தட்டிக் காட்டினார். "அப்போ இப்ப கோர்ட் உங்களைத்தான் சார் கேக்குது, யாரங்கேன்னு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப் போனது.

அந்த வழக்கின் கதையை அன்று சாயந்திரம் அவரே சொன்னார். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். ராவ் சென்னையில் வக்கீல். மக்கள் கல்விச் சங்கம் என்று ஒன்றின் பொதுச் செயலாளர். 1950 மார்ச் 10-ஆம் தேதி சென்னை அரசு அந்தச் சங்கம் சட்ட விரோதமானது என்று உத்தரவு போட்டு, கெஜட்டில் வெளியிட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆலோசனைக் குழு ஒன்று பார்க்கும் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தக் குழுவின் முன்னால் போய் நின்று பேச யாருக்கும் உரிமை இல்லை. கெஜட்டில் வந்துவிட்டால் போதும், உறுப்பினராக இருப்பதே குற்றம், சங்கத்தின் சொத்தும் போகும். ராவ் ஹைகோர்ட்டுக்குப் போனார். மூன்று நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. 1952 மார்ச் 31-இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு ஹைகோர்ட் சொன்னதே சரி என்றது.

கெஜட்டில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் தெரிவித்ததாக ஆகிவிடுமா? பூட்டின கதவில் ஒட்டிவிட்டால் அவனிடம் கேட்டதாக ஆகிவிடுமா? படிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

இந்த சாஸ்திரி யார்? 1889-இல் பிறந்தவர். அவர் அப்பா பச்சையப்பன் கல்லூரியில் சமஸ்கிருதப் பண்டிதர். சாஸ்திரி வக்கீலாக வருமான வரிச் சட்டத்தில் பேர் வாங்கியவர். 1939-இல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி, 1947 கடைசியில் டெல்லியில் ஃபெடரல் கோர்ட், 1950-இல் அது சுப்ரீம் கோர்ட் ஆனபோது அதன் முதல் நீதிபதிகளில் ஒருவர். இப்போதைய கட்டடம்கூட அப்போது கிடையாது. பார்லிமெண்ட் கட்டடத்திலேயே ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள். 1951 நவம்பரில் தலைமை நீதிபதி கானியா இறந்தபின் சாஸ்திரி அந்த இடத்துக்கு வந்தார். 1954 ஜனவரியில் ஓய்வு பெற்றார். எங்களைப் போல அவருக்கும் வயது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வரிச் சட்டக்காரர் என்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வரிச் சட்டத்தில் வார்த்தைதான் எல்லாம். எழுதியிருந்தால் வரி உண்டு, எழுதாவிட்டால் இல்லை. அரசியல் சட்டத்தையும் சாஸ்திரி அப்படித்தான் வாசித்தார். அதனால் அவர் எந்தக் கட்சிக்கும் பிடித்த நீதிபதியாக இருந்திருக்க முடியாது. பாருங்கள்.

1950 மே மாதம், ஏ.கே. கோபாலன் வழக்கு. சென்னை மாகாணச் சிறையில் விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர். 'சட்டப்படியான நடைமுறை' இருந்தால் ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்கிறது 21-ஆவது பிரிவு. சட்டம் என்றால் சட்டசபை போட்ட சட்டமா, இல்லை நியாயம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிற தர்மமும் அதில் சேர்ந்ததா? போட்ட சட்டம்தான் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். சாஸ்திரியும் அதில் ஒருவர். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் தள்ளிவிட்டு, மற்றதைச் செல்லும் என்றார்கள். கோபாலன் வெளியே வரவில்லை. நீதிபதி ஃபசல் அலி மட்டும் வேறு மாதிரி எழுதினார். ஒருவன் பேச்சைக் கேட்காமல் தண்டிப்பது சட்டமே ஆகாது என்ற பொருளில்.

அதே மாதம், ஒரு வாரம் கழித்து, ரமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்பது காரணம். இங்கே சாஸ்திரி அப்படியே எதிர்ப்பக்கம் வந்து நின்றார். பேச்சுரிமையைத் தடுக்க அரசியல் சட்டம் சொன்ன காரணங்களில் அரசின் பாதுகாப்புதான் இருக்கிறது, பொது அமைதி என்ற வார்த்தை இல்லை. இல்லாததை நான் சேர்க்க முடியாது என்று தடையை ரத்து செய்தார். இந்த முறை மாற்றுக் கருத்து எழுதியவர் யார் தெரியுமா? அதே ஃபசல் அலி. போன வாரம் சுதந்திரத்தின் பக்கம் நின்றவர், இந்த வாரம் அரசின் பக்கம்.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, நீதிபதி என்பவர் சட்டத்தின் வாய் மாத்திரமே என்று. மோந்தெஸ்கியூ சொன்னதாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிரெஞ்சுத் தீர்ப்பில் எந்த நீதிபதி என்ன நினைத்தார் என்றே தெரியாது. மாற்றுக் கருத்து என்று ஒன்றை வெளியிடுவதும் இல்லை. கோர்ட் சொன்னது, அவ்வளவுதான். நம் நாட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதி, ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுகிறார்கள். எது சரி?

வி.ஜி. ராவ் தீர்ப்பில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. ஓர் உரிமைமேல் அரசு போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது என்று சாஸ்திரி அதில் ஒரு கணக்கு சொல்கிறார். எந்த உரிமை பறிபோகிறது, எதற்காக, தடுக்க வந்த கெடுதல் எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், போட்ட கட்டுப்பாடு அந்தக் கெடுதலுக்குத் தகுந்த அளவா, அன்றைய நிலைமை என்ன. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தலாமா என்று நம் ஊரில் கேட்பதுதான். அதன்பின் அவர் ஒளிவு மறைவில்லாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். இந்தக் கணக்கைப் போடும்போது நீதிபதியின் சொந்த எண்ணங்களும் அவர் உயர்வாக நினைப்பவையும் உள்ளே வரத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது என்று. ஆகையால் நீதிபதி தன்னைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும். இந்த அரசியல் சட்டம் தன்னைப் போல நினைப்பவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்ற நினைப்பு அவரை அடக்க வேண்டும்.

வெறும் வாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தனக்கும் மனசு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கடிவாளம் போடுகிறார். எனக்கு மோந்தெஸ்கியூவைவிட இது நேர்மையாகப் பட்டது.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. பத்திரிகை வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்து, 'பொது அமைதி' என்ற வார்த்தையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் செல்லும் என்று அக்டோபரில் தீர்ப்பு எழுதியவரும் சாஸ்திரிதான். வார்த்தையை மாற்றிவிட்டார்கள், இனி மாற்றின வார்த்தையைத்தான் வாசிப்பேன் என்ற முறை. கோபாலன் வழக்கில் அவர் எடுத்த நிலை 1970-இல் ஆட்டம் கண்டு, 1978-இல் மேனகா காந்தி வழக்கில் விழுந்தே விட்டது. தனியாக நின்ற ஃபசல் அலிதான் அதில் ஜெயித்தார், காலம் கடந்து. ஆனால் ராவ் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. அதைக் காட்டாமல் இந்த மாதிரி வழக்கை நடத்தவே முடியாது என்கிறார்கள் வக்கீல்கள்.

பிரெஞ்சு படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சில் பார்லிமெண்ட் போட்ட சட்டத்தை உரிமைக்கு விரோதம் என்று தள்ளும் வழக்கமே ரொம்ப காலம் இல்லை. 1971 ஜூலையில்தான் அங்குள்ள அரசியல் சட்ட மன்றம் முதன்முறையாக அப்படிச் செய்தது. அதுவும் எதற்காக? சங்கம் வைக்கும் உரிமைக்காக! சென்னை மாகாணத்து வழக்கு அதற்கு 19 வருடம் முந்தியது. புதுச்சேரியில் என் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லி அவரைச் சீண்டியிருப்பேன்.

சரி, மண்ணெண்ணெய்க் கோப்புக்கு வருகிறேன். 1985-இல் தீர்ப்பு வந்தது. ஒன்றரைப் பக்கம். விளக்கம் கேட்கப்பட்டதாகச் சொல்வது பெயரளவில்தான், உண்மையில் வாய்ப்பு அளிக்கப்படவில்லை, உத்தரவு ரத்து. உரிமம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவர் கடையை விட்டுவிட்டு முழுநேரமும் மலை வேலைக்கே போய்விட்டார். கம்மல் ஏலத்தில் போய்விட்டது. உத்தரவு நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அது என் வேலை இல்லையென்றாலும். வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "சார், ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை எழுதினது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று அவர் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை 'போதிய வாய்ப்பளிக்கப்பட்டும்' என்று எழுத வரும்போதெல்லாம் பேனா நிற்கும். உண்மையிலேயே கொடுத்தோமா என்று ஒருமுறை கோப்பைப் புரட்டுவேன். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வி.ஜி. ராவின் பெயரை இன்னொரு இடத்திலும் பார்த்தேன். 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு நீதிபதி சந்துருவை எல்லாருக்கும் தெரியும். அவர் வக்கீல் தொழிலைத் தொடங்கினது 'ராவ் அண்ட் ரெட்டி' என்ற வக்கீல் அலுவலகத்தில். இந்த ராவின் அலுவலகம்தான். அங்கிருந்து வந்தவர் 2006-இல் ஹைகோர்ட் நீதிபதியானார். 2008-இல் நமக்குப் பக்கத்தில், உசிலம்பட்டி வட்டாரத்தில் ஓர் அம்மன் கோயில் வழக்கு அவர் முன்னால் வந்தது. பூசாரியாக இருந்த அப்பாவுக்குப் பின் மகள் பின்னியக்காள் பூசை செய்யக்கூடாது, பெண் என்று ஊரில் சிலர் தடுத்தார்கள். சாமியே பெண்ணாக இருக்கும்போது பூசை செய்ய மட்டும் பெண் ஆகாதா, எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டு அந்த அம்மாளுக்கு உரிமை கொடுத்தார். சாஸ்திரி மாதிரி அடக்கி வாசிப்பவர் இல்லை சந்துரு. அவர் மனசு எந்தப் பக்கம் என்று தீர்ப்பிலேயே தெரியும். ஆனால் 'எங்கே எழுதியிருக்கிறது, காட்டு' என்று கேட்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அவருடைய வாழ்க்கை முறையும் எனக்குப் பிடிக்கும். 'மை லார்ட்' என்று கூப்பிடாதீர்கள் என்றார். காரில் சிவப்பு விளக்கு வேண்டாம், துப்பாக்கிக் காவல் வேண்டாம் என்றார். பதவியில் இருந்த ஏழு வருடத்துக்குள் சுமார் 96,000 வழக்குகளை முடித்ததாகச் சொல்கிறார்கள். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற நாளில் வழியனுப்பு விழா வேண்டாமென்று, காரை ஒப்படைத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சந்தன மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது!

இப்போது இந்த மாதச் சம்பவம். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அரசியலில் நான் ஒரு பக்கம், அவர் இன்னொரு பக்கம். பேசினால் சண்டையில்தான் முடியும். போன வருடச் சந்தாக் கணக்கு அவர் கையில் இருந்தது. பணம் குறைகிறது என்று பேச்சு கிளம்பி, அவரை நீக்குவது என்று நாலு பேர் முடிவு செய்து, தீர்மானம் எழுத என்னிடம் வந்தார்கள். "நீங்கதான் சார் ஆபீஸ் தமிழ்ல நல்லா எழுதுவீங்க."

உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. பேனாவை எடுத்து, "போதிய வாய்ப்பளிக்கப்பட்டும்" வரை எழுதிவிட்டேன். கை நின்றது.

"அவருகிட்ட விளக்கம் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டாச்சு சார். வாட்ஸ்அப் குழுவுல போட்டுப் பத்து நாளாச்சு. பதிலே இல்ல."

"அவரு குழுவுல இருக்காரா?"

ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "இல்ல சார், அதுக்கு முந்தின நாளே எடுத்துட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் ஏதோ பிசைந்தது. முதலில் ஆளை வெளியே தள்ளிவிட்டு, பிறகு உள்ளே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சென்னை மாகாண அரசு கெஜட்டில் போட்டது, நாங்கள் பூட்டின கதவில் ஒட்டினது, இவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டது. காலம்தான் மாறியிருக்கிறது.

நான் தீர்மானம் எழுத மாட்டேன், ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள் என்றேன். "உங்களுக்குத்தான் அவரப் பிடிக்காதே சார்" என்றார் ஒருவர். "அதனாலதான்" என்றேன். பிடித்த ஆளுக்கு நியாயம் செய்ய யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் கூட்டத்துக்கு வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பாதி என்னைத் திட்டினார். பிறகு பையிலிருந்து ரசீதுப் புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தார். எண்ணிப் பார்த்தோம். குறைகிறது என்று சொன்ன தொகையில் முக்கால்வாசிக்குச் செலவு ரசீது இருந்தது. 600 ரூபாய்க்கு மட்டும் கணக்கு இல்லை. அந்தப் பணத்தை அங்கேயே எண்ணி வைத்தார். நீக்கும் பேச்சு தானாக அடங்கியது. கணக்கு இனி வேறொருவர் கையில். போகும்போது என்னைப் பார்த்து ஒரு நன்றியும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இன்னும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் அன்று ராத்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, போடிமெட்டு மலையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்க் கடைக்காரர் நினைப்பு வந்தது. அவருக்கு நான் கேட்காமல் விட்ட ஒரு வார்த்தையை, நாற்பது வருடம் கழித்து, எனக்குப் பிடிக்காத ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கடன் இதனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவியின் கம்மல் திரும்பி வரப்போவதில்லை.

பெரியப்பாவின் காவல் கதையில் சின்ன வயதில் எனக்குத் துப்பாக்கிதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தக் குரல்தான் காதில் நிற்கிறது. இந்த வீட்டுத் திண்ணைக்கு மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வாரத்துக்கு ஒருவர் வருகிறார்கள். யார்மேல் மனுவோ அவரிடம் முதலில் பேசினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். அதில் சிலர் போய்ப் பேசிவிட்டு, அப்புறம் மனுவே வேண்டாம் என்று வருவதில்லை. காகிதமும் மிச்சம்.

அடுத்த பதிவில் ஏலக்காய். இந்த முறை நிச்சயம்.